பாதாளத்தில் பள்ளிக்கூடம் எப்போது விடும்? சிறுவர் நாவலுக்கு யோசனை தேவை

தையல்மிஷின் அம்மா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். பையனுக்கு ஒன்பது வயது. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. கட்டிலுக்கு அடியில் ஏதோ இருக்கிறது, காலைக் கீழே வைக்கமாட்டேன் என்று ஒரே அழுகை. "ஆமாம், அங்கே ஓர் ஊர் இருக்கிறது. உன் வயதில் ஒரு பெண்ணும் இருக்கிறாள்" என்று ஆரம்பித்தேன். அது வளர்ந்து வளர்ந்து மூன்று நோட்டு நிறைந்துவிட்டது. நாவலாகவே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கதை நடப்பது பாதாளத்தில், அசுரக் குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில். அந்தப் பெண் பெயர் கனலி. சூரியனுக்குரிய பெயர். சூரியனையே பார்த்திராத பேத்திக்குப் பாட்டி ஆசையாக வைத்தது. மேலேயிருந்து ஒரு பையன் தவறி விழுந்து அவள் பெஞ்சில் வந்து உட்காருகிறான்.

எழுதும் முன் பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தை, அதாவது ஐந்தாம் பகுதியை, உரையோடு படித்தேன். பாதாளமும் நரகமும் ஒன்று என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நரகம் தனி அத்தியாயத்தில் வேறு இடமாக வருகிறது. பாதாளம் என்று நாம் பொதுவாகச் சொல்வது அதலம், விதலம், சுதலம், தலாதலம், மகாதலம், ரசாதலம், பாதாளம் என்று ஏழு அடுக்கு. அசுரர்களின் சிற்பி மயன் கட்டிய நகரங்கள், தோட்டம், குளம், பறவைகள் என்று குடும்பம் குடும்பமாக வாழும் ஊர்கள். நரை கிடையாது, வியர்வை கிடையாது, களைப்பு கிடையாது.

சிக்கல் வெளிச்சத்தில்தான். அங்கே வெயில் நுழையாது. நாகங்களின் படத்தில் இருக்கும் மணிகள்தான் இருட்டை விரட்டுகின்றன. பகலும் இரவும் இல்லாததால் காலத்தைப் பற்றிய பயமும் இல்லை என்று இருக்கிறது. படிக்கும்போது சிலிர்த்துப்போனேன். பையனிடம் சொன்னதும், "அப்போ ஸ்கூல் எப்பம்மா விடும்?" என்றான். பதில் இல்லை. நான்காம் அத்தியாயத்திலேயே ஒரு மாதமாக நிற்கிறேன்.

இன்னொன்று. கையெழுத்துப் பிரதியைப் படித்த சொந்தக்காரர் ஒருவர், "பிசாசுக் கதையெல்லாம் குழந்தைக்கு எதற்கு, பயந்துவிடும்" என்கிறார். கனலியின் கொம்பை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, கொம்பை எடுக்காதீர்கள். ஆனால் 'பிசாசு' என்ற சொல்லை உங்கள் கதைக்குள் விடாதீர்கள். பேய், பிசாசு, பூதம், அரக்கர், அசுரர் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. அசுரர்கள் காசியபருக்குத் திதி, தனு வயிற்றில் பிறந்தவர்கள். தேவர்கள் அதே காசியபருக்கு அதிதி வயிற்றில் பிறந்தவர்கள். பெரியப்பா வீட்டுச் சண்டையை நேரில் பார்த்த எந்தக் குழந்தைக்கும் இது புரியும்.

பையன் தவறி விழுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நம்மிடம் 'பிலம்' என்று நல்ல பழைய சொல் இருக்கிறது. பூமிக்குள் போகும் குகை. பெரும்பாணாற்றுப்படைக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், நாகப்பட்டினத்துச் சோழன் ஒருவன் பிலத்துவாரத்தின் வழியே நாகலோகம் போன கதையைச் சொல்கிறார். கம்பனில் கிட்கிந்தா காண்டத்தில் பிலம் புக்கு நீங்கு படலத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். உள்ளே கும்மிருட்டு. வானரங்கள் தவித்துப்போகின்றன. மனம் தளராதீர்கள், வரிசையாக என் வாலைப் பிடித்துக்கொள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள் என்கிறான் அனுமன். அப்புறம் நீண்ட வழியைக் 'கையினின் தடவி' நடக்கிறான். அவ்வளவு பெரிய வீரன் சுவரைத் தடவிக்கொண்டு போகிறான்! இருட்டைக் காட்ட இதைவிட வேறென்ன வேண்டும்? உங்கள் பையன் விழ வேண்டாம். நடந்தே போகட்டும்.

பாலக்காட்டுப் பக்கத்துப் பெண்:

அக்கா, உங்கள் பள்ளிக்கூடத்தைச் சுதலத்தில் வையுங்கள். அது மகாபலியின் ஊர். பேரன் மகாபலியோடு தாத்தா பிரகலாதனும் அங்கேதான் இருக்கிறார். வாசலில் காவல் நிற்பது சாட்சாத் நாராயணன், கையில் கதாயுதத்தோடு. ஒருமுறை எல்லாத் திசையையும் வெல்லும் திக்விஜயம் என்று அங்கே வந்த ராவணனைக் கால் கட்டைவிரலாலேயே எத்தித் தூரமாய் எறிந்தார் என்று நீங்கள் படித்த அதே ஸ்கந்தத்தில்தான் வருகிறது. பிள்ளைகளுக்கு இது ஒன்றே போதும், கைதட்டுவார்கள்.

காலக் கணக்குக்கும் மகாபலியே இருக்கிறார். எங்கள் ஊரில் ஆவணித் திருவோணத்துக்கு அவர் மேலே வருவார் என்று பத்து நாள் பூக்களம் போடுகிறோம். நாம் மேலேயிருந்தே பார்க்கிறோம். கீழே இருக்கிறவர்களுக்கு அது ராஜா ஊரில் இல்லாத நாள் அல்லவா? அவர் கிளம்பினால் ஒரு வருஷம் ஆயிற்று என்று அர்த்தம். கனலி தன் வயதை அப்படித்தான் எண்ணுவாள். "ராஜா ஒன்பது தடவை போய்வந்துவிட்டார்" என்பாள். திரும்பி வரும்போது அவர் வேட்டியில் தும்பைப்பூ ஒன்று ஒட்டியிருக்கட்டும்.

நாலாம் வகுப்பு டீச்சர்:

பயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வாரம் ஒரு நாள் வகுப்பில் கதை வாசிக்கிறேன். கொம்பு, கோரைப்பல் வந்தால் பிள்ளைகள் இன்னும் கிட்டே வந்து உட்காருகிறார்கள். அம்மாவைக் காணோம் என்று வந்தால்தான் முகம் மாறும். விழுந்த பையனுடைய அம்மா மேலே என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை அவ்வப்போது காட்டிவிடுங்கள்.

தையல்மிஷின் அம்மா:

மூன்று பேருக்கும் நன்றி. சுதலத்துக்கே மாற்றிவிட்டேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கும் ஒரு வழி கிடைத்தது. பள்ளி வாசலில் கிழ நாகம் ஒன்று சுருண்டிருக்கும், அதன் மணிதான் தெருவுக்கே விளக்கு. அதற்குத் தூக்கம் வந்து படத்தைச் சுருக்கினால் வகுப்பு இருண்டுவிடும், பிள்ளைகள் கிளம்பிவிடலாம். சில நாள் பாடத்தின் நடுவிலேயே தூங்கிவிடும். பையன் எப்போதும் அப்படித்தான் வேண்டும் என்கிறான்.

ஐயா சொன்ன இடத்தை எழுத நேற்று ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்தோம். அவன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். நான் சமையலறையிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். முதலில் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டு, இளஞ்சூடாக. அப்புறம் காலண்டர் தாள் சரசரத்தது. ஸ்விட்ச் பெட்டி வந்தது, அதை அமுக்கவில்லை. பிறகு வெறும் சுவர். நம் வீட்டுச் சுவர் இவ்வளவு நீளமா என்று இருந்தது. மிஷினின் இரும்புச் சக்கரம் கையில் பட்டதும் ஜில்லென்றது. பின்னாலிருந்து, "அம்மா, பிலம் வந்துடுச்சா?" என்று கேட்டான். விளக்கைப் போட்டதும் முதல் வேலையாக அதை எழுதிவைத்தேன்.