2009-ல் ஜிஎம், கிறைஸ்லர் மீட்பு: பணம் எந்த வழியாகப் போனது?

ஏட்டுச்சுரைக்காய்:
தள்ளாடும் கார் கம்பெனிக்கு அரசு கைகொடுக்கலாமா என்று பேச்சு எடுத்தாலே 2009 அமெரிக்காவைத்தான் இழுக்கிறார்கள். கடன் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது என்கிறார் ஒருவர். ஆயிரம் கோடி டாலருக்கு மேல் நட்டம் என்கிறார் இன்னொருவர். எது சரி? அரசே பணம் கொடுத்த பிறகு திவால் மனு எதற்கு? உதிரிபாகம் செய்பவர்களுக்கும் டீலர்களுக்கும் தனியாக ஏதாவது போனதா? கொள்கைச் சண்டை வேண்டாம், நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீள்வட்டி:
இரண்டு பேர் சொல்வதும் சரிதான். 2008 டிசம்பரில் கார் கம்பெனி மீட்பு மசோதா செனட்டில் படுத்துவிட்டது. வங்கிகளுக்கென ஒதுக்கிய டார்ப் நிதியிலிருந்து புஷ் அரசு 1,740 கோடி டாலர் எடுத்துக் கொடுத்தது: ஜிஎம்முக்கு 1,340, கிறைஸ்லருக்கு 400. மூச்சு நிற்காமல் இருக்க ஏற்றிய குளுக்கோஸ் அது, வைத்தியம் இல்லை. 2009 மார்ச் 30 அன்று ஒபாமா அரசு இரண்டு கம்பெனிகளின் திட்டத்தையும் ஏற்க மறுத்து, கிறைஸ்லருக்கு 30 நாள், ஜிஎம்முக்கு 60 நாள் கெடு வைத்தது.

திவால் எதற்கு என்றால், ஜிஎம் கடன்பத்திரக்காரர்களுக்குத் தர வேண்டியது மட்டும் சுமார் 2,700 கோடி. அந்தக் கடன் அப்படியே இருக்க, மேலே கொட்டும் வரிப்பணம் பழைய கடனுக்கே போய்ச்சேரும். பத்திரக்காரர்கள் அத்தனை பேரையும் தானாகச் சம்மதிக்க வைப்பது நடக்காத காரியம். நீதிமன்றம் தலையிட்டால் நடக்கும். ஜூன் 1-ல் மனு. திவால் சட்டம் 363-ஆம் பிரிவின்படி நல்ல ஆலைகளும், செவ்ரொலே, கேடிலாக், பியூக், ஜிஎம்சி பிராண்டுகளும் ஒரு புதுக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. கழித்துக் கட்டிய ஆலைகளும் பத்திரக் கடனும் பழைய கம்பெனியிலேயே கிடந்தன. ஜூலை 10-ல் புது ஜிஎம் வெளியே வந்துவிட்டது. பங்கில் அமெரிக்க அரசுக்கு 60.8%, தொழிற்சங்கத்தின் ஓய்வுபெற்றோர் மருத்துவ நிதிக்கு 17.5%, கனடாவுக்கு 11.7%, பழைய கம்பெனி மூலம் பத்திரக்காரர்களுக்கு 10%.

இப்போது உங்கள் கணக்கு. ஜிஎம்முக்குப் போனது மொத்தம் 4,950 கோடி. அதில் புதுக் கம்பெனியின் தலையில் கடனாக நின்றது 670 கோடிதான். மீதியில் பெரும்பகுதி பங்காக மாறிவிட்டது. 2010 ஏப்ரலில் 'கடனை அடைத்துவிட்டோம்' என்று ஜிஎம் விளம்பரம் செய்தது இந்தச் சின்னத் தொகையை வைத்துத்தான். அதையும் அரசு கொடுத்து எஸ்க்ரோ கணக்கில், அதாவது நிபந்தனையோடு ஒதுக்கி வைத்த கணக்கில், கிடந்த பணத்திலிருந்தே எடுத்துக் கட்டினார்கள்! அடி விழுந்தது பங்கு விற்றதில். 2010 நவம்பரில் ஒரு பங்கு 33 டாலருக்குப் போனது; முதல் தேற வேண்டுமென்றால் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்க வேண்டும். 2013 டிசம்பரில் கடைசிப் பங்கையும் விற்றபோது துண்டு விழுந்தது சுமார் 1,100 கோடி.

பில்பாஸ்:
உதிரிபாகக் கேள்விக்கு நான். சரக்கு இறக்கி 45 முதல் 60 நாள் கழித்துத்தான் கார் கம்பெனி பணம் தரும். அதுவரை அந்தப் பில்லைக் காட்டி வங்கியில் கடன் வாங்கி ஓட்டுவார்கள். ஜிஎம் மஞ்சக் கடுதாசி கொடுக்கப்போகிறது என்று தெரிந்ததும் வங்கிகள் அந்தப் பில்லைத் தொட மறுத்தன. 2009 மார்ச்சில் இதற்கென்று 500 கோடி ஒதுக்கினார்கள்: பில் தொகையில் 2% கட்டணம் என்றால் உத்தரவாதம் மட்டும், 3% என்றால் உடனே காசு. யாருக்குக் கிடைக்கும் என்று முடிவு செய்தது ஜிஎம்மும் கிறைஸ்லரும். அதனால் நேரடி சப்ளையரோடு நின்றுவிட்டது. அவர்களுக்குப் போல்ட்டும் ரப்பரும் கொடுக்கும் இரண்டாம் அடுக்குக்கு நேரே போகவில்லை. கடைசியில் எடுத்தது வெறும் 41.3 கோடி, அதுவும் திரும்பி வந்துவிட்டது.

ஃபோர்டு இந்த டார்ப் பணத்தில் கை வைக்கவில்லை. ஆனாலும் அதன் தலைவர் முலாலி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் போய்ப் போட்டியாளர்களுக்காகப் பேசினார். சப்ளையர்கள் மூவருக்கும் பொது. ஜிஎம் விழுந்தால் ஃபோர்டு லைனும் நிற்கும்.

டீலர்கள் காரைக் கடனில்தான் ஸ்டாக் எடுப்பார்கள். அந்தக் கடன் கொடுத்த ஜிஎம்ஏசிக்கு 1,720 கோடி போய், 1,960 கோடி திரும்பியது. மொத்தக் கூத்தில் லாபம் பார்த்த இடம் இது.

மைலேஜ்மன்னன்:
வாங்குபவர் பக்கத்தை யாரும் தொடவில்லையே. பழைய காரைக் கொடுத்துப் புதிது வாங்கும் திட்டம், 2009 ஜூலை-ஆகஸ்ட். பழைய கார் 25 வயதுக்குள், ஒரு வருடமாவது பதிவும் இன்சூரன்ஸும் தொடர்ந்து இருந்ததாக, கேலனுக்கு 18 மைலுக்கு மேல் தராததாக இருக்க வேண்டும். புதுக் கார் 4 மைல் கூடுதலாகத் தந்தால் 3,500 டாலர், 10 மைல் என்றால் 4,500.

பழைய வண்டி திரும்ப ரோட்டுக்கு வராமல் இருக்க டீலரே எஞ்சினைக் கொல்ல வேண்டும். ஆயிலை வடித்துவிட்டு, சோடியம் சிலிகேட் கரைசல் 2 குவார்ட், அதாவது சுமார் 1.9 லிட்டர் ஊற்றி, 2,000 ஆர்பிஎம்மில் ஓடவிடுவார்கள். சூட்டில் தண்ணீர் ஆவியாகி, கண்ணாடி போன்ற படிவு பேரிங்கில் இறுகும்; சில நிமிடத்தில் எஞ்சின் ஜாம். ஆறிய பிறகு இன்னொரு முறை ஸ்டார்ட் செய்து பார்ப்பார்கள்.

கோளாறு இரண்டு. தள்ளுபடியை டீலர் முதலில் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டு, ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்றிக் காத்திருக்க வேண்டும். இணையதளம் திணறியது, பணம் வர இழுத்தது. இன்னொன்று, 'உள்நாட்டுக் கம்பெனி கார்' என்று நிபந்தனையே கிடையாது. அதிகம் ஒப்படைத்தது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர், அதிகம் வாங்கியது டொயோட்டா கொரோலா. செப்டம்பரில் விற்பனை தடாலென்று விழுந்தது. அடுத்த மாதங்களில் வாங்க இருந்தவர்கள் முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
மூவருக்கும் நன்றி. ஆஸ்திரேலியாவிலும் வருடக்கணக்காக மானியம் கொடுத்தார்களே, அங்கே ஏன் நிற்கவில்லை?

பில்பாஸ்:
அங்கே சந்தை சின்னது. அதில் மூன்று கம்பெனி. இறக்குமதி வரி 2010-ல் 5%-க்கு இறங்கிவிட்டது, அதே சமயம் ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலரைத் தாண்டியது, ஏற்றுமதி படுத்தது. மூடப்போவதாக 2013 மே மாதம் ஃபோர்டு, டிசம்பரில் ஜிஎம்மின் ஆஸ்திரேலியக் கிளையான ஹோல்டன், 2014 பிப்ரவரியில் டொயோட்டா என்று வரிசையாக அறிவித்தார்கள். மற்ற இருவரும் போனபின் சப்ளையர் நிற்க மாட்டான் என்பதும் டொயோட்டா சொன்ன காரணங்களில் ஒன்று. 2017 அக்டோபர் 3-ல் ஆல்டோனாவில் டொயோட்டா, 20-ல் எலிசபெத்தில் ஹோல்டன், இரண்டு லைனும் நின்றன.