4 மாதம், 18 நாள், சில மணி நேரம்: ‘ஷெர்லாக்’ தொடருக்காகக் காத்திருந்த அனுபவங்கள்

நியூ ஜெர்சியிலிருந்து:

பி.பி.சி.யின் ‘ஷெர்லாக்’ துப்பறியும் தொடரை முறையாக ஒளிபரப்பாகும் நாளில்தான் பார்ப்பேன் என்று எனக்கொரு வீம்பு இருந்தது. ஒரு பருவத்திற்கு மூன்றே அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அவ்வளவு குறைவாகக் கிடைப்பதைத் திருட்டுப் பிரதியில் பார்த்துத் தீர்த்துவிட மனம் வரவில்லை. அந்த வீம்பின் விலை 2012இல்தான் தெரிந்தது. இரண்டாம் பருவத்தின் இறுதி அத்தியாயம் ஜனவரி 15 அன்றே பிரிட்டனில் வந்துவிட்டது, அமெரிக்காவில் பி.பி.எஸ். என்ற பொதுத் தொலைக்காட்சி அதை மே 20 அன்றுதான் காட்டியது. குளிர்கால ஞாயிறு இரவுகளை ‘டவுன்டன் அபே’ என்ற மற்றொரு பிரிட்டிஷ் தொடர் பிடித்துக்கொண்டதால், ஷெர்லாக் ஹோம்ஸ் வசந்தம் வரை வாசலில் நிற்க வேண்டியதாயிற்று.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கும் என் சித்தி மகள் ஜனவரி 15 இரவே தொலைபேசியில் அழைத்தாள். “அண்ணா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் தனியாப் பார்க்காதீங்க” என்றாள். சொல்ல மாட்டேன் என்று சொல்லியே எல்லாவற்றையும் சொல்லிவிடும் கலை அவளுக்குப் பிறவியிலேயே வாய்த்தது. அடுத்த நான்கு மாதங்கள் பிரிட்டிஷ் செய்தித்தாள்களின் இணையப் பக்கங்களை நான் திறக்கவே இல்லை. அப்படியும் அலுவலக உணவு இடைவேளையில் ஒருவர் “அவன் எப்படிப் பிழைத்தான் என்று நினைக்கிறாய்?” என்று கேட்டார். எங்கிருந்தோ விழப்போகிறான், சாகமாட்டான் என்ற இரண்டும் அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்குத் தெரிந்துபோயின.

ஆனால் மே 20க்குப் பிறகு ஒரு விந்தை நிகழ்ந்தது. மருத்துவமனைக் கூரையிலிருந்து குதித்தவன் கல்லறையருகே உயிரோடு நிற்பதை எல்லோரும் பார்த்துவிட்டோம். எப்படி என்பது லண்டன்காரர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பத்தொன்பது மாதங்கள்தான் நான் மிகவும் மகிழ்ச்சியாகக் காத்திருந்த காலம். அக்குளில் ரப்பர் பந்தை வைத்து நாடித்துடிப்பை நிறுத்தியிருப்பான் என்பது என் கட்சி. நடைபாதையோரம் நின்ற லாரியின் மேல் விழுந்திருப்பான் என்பது தங்கையின் கட்சி. காத்திருப்பது எனக்கு ஒருபோதும் கடினமாக இருந்ததில்லை. நாம் காத்திருக்கும்போது வேறொருவருக்கு விடை தெரிந்திருப்பதுதான் கடினம்.

மூன்றாம் பருவம் வந்த 2014இல் இடைவெளி சுருங்கியது. லண்டனில் ஜனவரி 1, இங்கே ஜனவரி 19: பதினெட்டே நாள். அதுவும் ‘டவுன்டன் அபே’ முடிந்த கையோடு, இரவு பத்து மணியளவில். மறுநாள் விடுமுறை நாளாக அமைந்தது என் நல்வினை.

ஈஸ்ட் ஹாமிலிருந்து:

மேலே சொல்லப்பட்ட சித்தி மகள் நான்தான். “தனியாப் பார்க்காதீங்க” என்று நான் சொன்னதாக நினைவில்லை. “கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள்” என்றுதான் சொன்னேன். எதுவாயினும், விடை தெரிந்தவர்கள் பட்ட பாட்டை யாரும் எழுதுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன். 2014 புத்தாண்டு இரவு ஒன்பது மணிக்கு வீட்டில் அனைவரும் அமர்ந்து பார்த்தோம். மறுநாள் முதல் அண்ணாவின் அழைப்பை எடுக்கவே அஞ்சினேன். குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.

காத்திருந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை, ஷெர்லாக் குதித்த அந்த செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனைக்குப் போனேன். அருகிலிருந்த சிவப்புத் தொலைபேசிக் கூண்டின் கண்ணாடியில், ‘ஷெர்லாக்கை நம்புகிறேன்’ என்ற பொருள்படும் துண்டுச் சீட்டுகளை ரசிகர்கள் ஒட்டியிருந்தார்கள். கதைமாந்தன் ஒருவனுக்காக இப்படியா என்று சிரித்தேன். பிறகு பையில் பேனாவைத் தேடினேன். 2013 நவம்பர் இறுதியில், வெற்றுப் பிண ஊர்தி ஒன்றில் பூக்களால் தொடரின் பெயரையும் 01 01 14 என்ற தேதியையும் அமைத்து நகரைச் சுற்றி வரச்செய்து ஒளிபரப்பு நாளை அறிவித்தார்கள். அன்று நான் அலுவலகத்தில் இருந்ததால் படத்தில்தான் பார்க்க முடிந்தது. அந்தக் குறை இன்னும் இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், எங்களைப் போல் ஊகக் கதைகள் கட்டிய ரசிகர்களையே புதிய அத்தியாயம் ஒரு சங்கமாக்கிக் கேலி செய்தது.

அண்ணாவுக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். ஹோம்ஸைப் படைத்த எழுத்தாளர் கோனன் டாயில் 1893இல் அவனைக் கொன்றுவிட்டுப் பத்தாண்டு கழித்து மீட்டெடுத்தபோது, அந்தக் கதை முதலில் வந்தது 1903 செப்டம்பர் 26 தேதியிட்ட அமெரிக்க ‘கோலியர்ஸ்’ இதழில்; லண்டனின் ‘ஸ்ட்ராண்ட்’ அதை அக்டோபர் இதழில்தான் வெளியிட்டது. அந்த முறை காத்திருந்தவர்கள் நாங்கள்.

சென்னையிலிருந்து:

2017இல் நான்காம் பருவம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒரே நாளில், சில மணி நேர வித்தியாசத்தில் வந்தது. இனி யாரும் யாருக்கும் கதையைக் கெடுக்க முடியாது என்று நிம்மதியாக இருந்தேன். இறுதி அத்தியாயம் ஜனவரி 15 இரவு; நம் கணக்கில் மறுநாள் அதிகாலை இரண்டரை மணி. அதற்கு முந்தைய நாள், பொங்கலன்று, ரஷ்ய மொழிக் குரல் சேர்க்கப்பட்ட முழு அத்தியாயமும் இணையத்தில் கசிந்துவிட்டது. தயாரிப்பாளர்கள் அதைப் பகிர வேண்டாம் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

நண்பர் ஒருவர் எனக்கும் இணைப்பை அனுப்பிவைத்தார். மொழி புரியாதபோது பார்ப்பதில் என்ன குற்றம் என்று எனக்கு நானே வாதாடித் திறந்தேன். விமானத்தில் ஒரு சிறுமி கண்விழிக்கிறாள்; மற்ற அனைவரும் உறங்கிக் கிடக்கிறார்கள்; அவள் தொலைபேசியில் ரஷ்ய மொழியில் ஏதோ பேசுகிறாள். அத்துடன் மூடிவிட்டேன். மறுநாள் மாட்டுப் பொங்கல் முழுவதும், மீந்த சர்க்கரைப் பொங்கலைத் தின்றபடி, அவர்கள் ஏன் உறங்குகிறார்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.