படிப்பு முடிந்து ஒரு வருடம் தாண்டியும் வேலை கிடைக்கவில்லை, என்ன செய்வது?

கேள்வி:
தினமும் விண்ணப்பம் போடுகிறேன். பெரும்பாலும் பதிலே வருவதில்லை, வந்தாலும் முன் அனுபவம் கேட்கிறார்கள். சொந்தக்காரர்கள் போன் வந்தால் எடுக்கவே மனசு வரமாட்டேன் என்கிறது. இந்த இடைவெளியைப் பற்றி நேர்காணலில் கேட்டால் என்ன சொல்வது?

பதில் 1:
பதில் வராததை வைத்து உங்கள் திறமையை எடைபோடாதீர்கள். பல நிறுவனங்களில் ரெஸ்யூமை முதலில் மென்பொருள்தான் படிக்கிறது. பக்கத்தை இரண்டாகப் பிரித்து, அட்டவணை, படம் எல்லாம் வைத்தால் சில மென்பொருள்கள் குழம்பிவிடும். எளிமையாக வையுங்கள். அப்புறம், ப்ராஜெக்டைப் பற்றி எழுதும்போது "குழுவாகச் செய்தோம்" என்று நிறுத்தாமல் அதில் நீங்கள் எழுதிய பகுதி எது, எங்கே சிக்கியது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதுங்கள், நேர்காணலில் அதைத்தான் தோண்டுவார்கள்.

பதில் 2:
தெரிந்தவர்களிடம் கூச்சப்படாமல் சொல்லிவையுங்கள். நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது பேசுகிறவர்கள் வழியாகத்தான் பலருக்கு வேலைத் தகவல் கிடைக்கிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-லேயே எழுதினார். காரணம் எளிது: நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். "வேலை வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள், "உங்கள் துறையில் புதியவர்களை எப்படி எடுக்கிறார்கள்?" என்று கேளுங்கள், மனம்விட்டுப் பேசுவார்கள்.

பதில் 3:
இடைவெளிக்கு உண்மையைச் சொல்லுங்கள். வேலை தேடினேன், கூடவே இதைக் கற்றேன், இதோ செய்து பார்த்தது என்று ஒன்றைக் காட்டினால் போதும். வேலை தருகிறேன், முன்பணம் கட்டு என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், இப்படித் தவிப்பவர்களைத்தான் அவர்கள் குறிவைப்பார்கள்.