அம்மாவின் வலது முழங்கால்

குழு: நம் வீடு
சனிக்கிழமை

அண்ணன், மாலை 4:12
அம்மாவைத் தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டு இப்போதுதான் வந்தோம். இரண்டு முழங்காலிலும் தேய்மானம் நான்காம் நிலையாம், அதுதான் கடைசி நிலை. இரண்டு மூட்டையும் ஒரே நேரத்தில் அறுவை செய்து மாற்றிவிடலாம், வரும் வியாழக்கிழமை இடம் இருக்கிறது என்றார் மருத்துவர். சேர்த்துச் செய்தால் கட்டணத்தில் குறைப்பார்களாம். திங்கள் காலைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். எல்லோரும் யோசித்துச் சொல்லுங்கள்.

அக்கா, மாலை 4:15
யோசிக்க என்ன இருக்கிறது அண்ணா? ஆறு வருடமாக வலி. அரசு மருத்துவமனையில் பெயர் பதிந்து எட்டு மாதம் ஆகியும் கூப்பிடவில்லை. கட்டிவிடுங்கள். என் பங்கை இன்றைக்கே அனுப்புகிறேன்.

நான், மாலை 4:19
அம்மா என்ன சொன்னாள்?

அண்ணன், மாலை 4:20
ஒன்றும் சொல்லவில்லை. வண்டியில் வரும்போதும் பேசவில்லை. நேராகப் போய்ப் படுத்துவிட்டாள்.

மாமா, மாலை 4:31
நான் செய்துகொண்டு மூன்று வருடம் ஆகிறது, அதனால் சொல்கிறேன். இன்றைக்கு நான் படியேறுகிறேன், காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். செய்தது சரிதான், எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் முதல் மூன்று வாரம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அடுத்த நாளே வாக்கர் பிடித்து எழுந்து நிற்க வைத்தார்கள். அது கூடப் பரவாயில்லை. கால் மடக்கும் பயிற்சிதான் கண்ணில் நீர் வரவழைத்தது. ராத்திரியில் தூக்கம் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கால் மரக்கட்டை மாதிரி கனத்தது. வீக்கமும் சூடும் முழுக்க அடங்க ஆறேழு மாதம் ஆனது. தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, அது பெரும்பாலும் எல்லோருக்கும் வருமாம். முட்டி போட்டு உட்கார இப்போதும் எனக்கு வராது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு என் அக்கா, உங்கள் அம்மா, சரி என்று சொன்னால் தாராளமாகச் செய்யலாம்.

அக்கா, மாலை 4:36
மாமா, நீங்கள் ஒரு காலுக்குத்தானே செய்தீர்கள்? இரண்டும் ஒன்றாக என்றால்?

மாமா, மாலை 4:37
ஒரு காலுக்குத்தான். நல்ல கால் ஒன்று இருந்ததால்தான் என்னால் எழுந்திருக்க முடிந்தது. அதைச் சித்தியிடம் கேள், அவள் முப்பது வருடம் எலும்பு, மூட்டு சிகிச்சை வார்டில் வேலை பார்த்தவள்.

சித்தி, மாலை 5:02
இப்போதுதான் பார்த்தேன். அவசரப்படாதீர்கள். தம்பி, மருத்துவர் அக்காவின் காலைத் தொட்டு, மடக்கி, நீட்டிப் பார்த்தாரா? இடுப்பை அசைத்துப் பார்த்தாரா? நடக்கச் சொன்னாரா?

அண்ணன், மாலை 5:05
எக்ஸ்ரேயைக் கணினியில் பார்த்தார். காலை லேசாக அழுத்திப் பார்த்தார். இடுப்பைப் பார்க்கவில்லை சித்தி. ஐந்தாறு நிமிடம் இருக்கும்.

சித்தி, மாலை 5:13
சரி. முதல் விஷயம், எக்ஸ்ரேயை மட்டும் வைத்து மூட்டை மாற்றுவதில்லை. படத்தில் நான்காம் நிலை என்று இருக்கும், ஆள் வலியே இல்லாமல் நடப்பார். படத்தில் கொஞ்சம்தான் தேய்ந்திருக்கும், அவருக்குத் தூக்கமே வராது. வார்டில் இரண்டு வகையையும் பார்த்திருக்கிறேன். இடுப்பு மூட்டு தேய்ந்தாலும் வலி முழங்காலில் தெரியும், அதனால் இடுப்பைப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது.

இரண்டாவது, அக்காவுக்கு இடது காலில் வலி இருக்கிறதா இல்லையா? எனக்குத் தெரிந்து வலதைத்தான் சொல்வாள். 68 வயதில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கிற உடம்பில், இரண்டு முழங்காலையும் ஒரே நாளில் செய்தால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சுமை அதிகம். ரத்தக்கட்டி அபாயமும் கூடும். கட்டணம் குறைகிறது என்பது அதற்குக் காரணமாக இருக்கக்கூடாது.

மூன்றாவது, போன மாதம் மூட்டுக்குள் ஊசி போட்டுக்கொண்டாளே, அது என்றைக்கு?

அண்ணன், மாலை 5:16
ஸ்டீராய்டு ஊசிதானே? இருபத்திரண்டு நாள் ஆகிறது.

சித்தி, மாலை 5:18
அப்படியானால் வியாழக்கிழமை என்ற பேச்சே வேண்டாம். அந்த ஊசி போட்ட மூட்டில் மூன்று மாதத்துக்குள் கத்தி வைத்தால் கிருமி தொற்றும் வாய்ப்பு அதிகம். செயற்கை மூட்டில் கிருமி புகுந்தால் மருந்தோடு போகாது. திரும்பத் திறந்து கழுவ வேண்டியிருக்கும், சில சமயம் போட்டதையே எடுக்க வேண்டியிருக்கும். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும், ஆனால் வந்தவர்கள் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஊசி போட்டதை மருத்துவரிடம் சொன்னீர்களா?

அண்ணன், மாலை 5:20
அவர் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை சித்தி. தவறுதான்.

நான், மாலை 5:22
அண்ணா, இது உங்கள் தவறு இல்லை. ஒருவேளை அம்மா தூங்கவில்லை என்றால் நான் அவளிடம் பேசுகிறேன். யாரும் அதுவரை எதுவும் கட்ட வேண்டாம்.

நான், இரவு 7:48
அம்மாவோடு ஒன்றரை மணி நேரம் பேசினேன். ஆக்ஸ்போர்டு முழங்கால் மதிப்பெண் என்று பன்னிரண்டு கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. கடந்த நான்கு வாரத்தில் எப்படி இருந்தது என்று கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 48. அதிகமாக இருந்தால் நல்ல முழங்கால். வலது காலுக்கு மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். 48க்கு 15 வந்தது. இடது காலுக்குத் தனியாகக் கேட்டால், "அது எப்போதாவது பிடிக்கும், அவ்வளவுதான்" என்றாள்.

நமக்குத் தெரியாத சில விஷயங்கள் வெளியே வந்தன. மாடியிலிருந்து பக்கவாட்டில் இறங்குகிறாள். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, வலது காலைக் கீழே வைத்து, பிறகு இடதைக் கொண்டுவந்து சேர்த்து, அப்படி ஒவ்வொரு படியாக. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் மட்டும்தான் இறங்குவாளாம், பார்த்தால் நாம் பதறுவோம் என்று. குளியலறையில் முக்காலியிலிருந்து எழுந்திருக்கக் குழாயைப் பிடிப்பதால் குழாய் ஆடத் தொடங்கிவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, விடியும்வரை முழங்காலைக் கையால் பொத்திக்கொண்டிருப்பாள். கடைக்குத் தனியாகப் போய் ஏழு மாதம் ஆகிறது.

அப்புறம் ஒன்று. வலி மாத்திரையை ஒரு நாளைக்கு ஒன்றுக்குப் பதில் மூன்று போட்டுக்கொள்கிறாள்.

சித்தி, இரவு 7:51
ஐயோ. அதை இன்றோடு நிறுத்தச் சொல். ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். திங்கட்கிழமை அவளுடைய வழக்கமான மருத்துவரிடம் போய் வேறு என்ன தரலாம் என்று கேளுங்கள், சிறுநீரகப் பரிசோதனையும் எடுக்கட்டும். மேலே தடவும் வலி ஜெல்லை அதுவரை தடவட்டும், அதில் ரத்தத்துக்குப் போவது ரொம்பக் குறைவு.

அக்கா, இரவு 7:54
குழாயைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறாளா? போன வாரம் நான் அங்கேதான் இருந்தேன். எனக்குத் தெரியவே இல்லை.

நான், இரவு 7:55
எனக்கும் தெரியாது அக்கா.

அண்ணன், இரவு 8:03
அப்படியானால் அறுவை சிகிச்சை வேண்டாமா, வேண்டுமா? எனக்கு ஒரு தெளிவு வேண்டும்.

நான், இரவு 8:10
நான் படித்த வரைக்கும் சொல்கிறேன். டென்மார்க்கில் நூறு பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு மூட்டு மாற்றி, அதோடு உடற்பயிற்சியும் எடைக்குறைப்பும். மீதிப் பேருக்கு உடற்பயிற்சி, எடைக்குறைப்பு மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் முன்னேற்றம் இருந்தது, மாற்றிக்கொண்டவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்குத்தான் அதிகம். மாற்றாத ஐம்பது பேரில் 13 பேர் அந்த ஒரு வருடத்துக்குள் மாற்றிக்கொண்டார்கள். அதாவது மற்ற 37 பேர் அந்த வருடம் அறுவை இல்லாமலேயே சமாளித்தார்கள்.

அம்மா நிலைமைக்கு மாற்றுவது தேவைப்படும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. தூக்கம் போய்விட்டது, வெளியே போவதே நின்றுவிட்டது. ஆனால் வலது மட்டும், தயாராகிவிட்டு.

மாமா, இரவு 8:14
எத்தனை வருடம் உழைக்கும் என்று அக்கா என்னிடம் ஒருமுறை கேட்டாள். பத்து வருடம் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள்.

நான், இரவு 8:17
இல்லை மாமா. 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு, முழு மூட்டு மாற்றியவர்களில் 100க்கு 82 பேருக்கு 25 வருடம் கழித்தும் அதே மூட்டு இருக்கிறது. மூட்டின் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றும் பாதி மூட்டு என்றால் 100க்கு 70.

சித்தி, இரவு 8:21
அந்தப் பாதி மூட்டையும் கேட்க வேண்டும். அக்காவின் கால் வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது, தேய்மானம் உள்பக்கம்தான் அதிகம் இருக்கும். மற்ற பக்கமும் தசைநார்களும் நன்றாக இருந்தால் அது சீக்கிரம் ஆறும். இல்லையென்றால் முழுதாகத்தான் மாற்ற வேண்டும். வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேட்கும்போது இதை முதலில் கேளுங்கள்.

இன்னொன்றும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாற்றிக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர்வரை திருப்தி இல்லை என்பார்கள். அதை அக்கா தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ள வேண்டும்.

அண்ணன், இரவு 8:26
தனியாரில்தான் என்றால் எதைக் கேட்க வேண்டும்? இன்றைக்கு அவர்கள் ஒரு தாளைக் கொடுத்தார்கள், 'எல்லாம் சேர்த்து' என்று இருக்கிறது.

சித்தி, இரவு 8:40
'எல்லாம்' என்றால் எதெது என்று எழுத்தில் கேள். மூட்டின் விலை உள்ளேயா வெளியேயா, எந்த நிறுவனத்து மூட்டு, எத்தனை நாள் தங்கல், அதற்கு மேல் ஒரு நாள் ஆனால் என்ன. ரத்தக்கட்டியோ கிருமியோ வந்து திரும்பச் சேர்த்தால் அந்தச் செலவு யாருடையது. தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா, அல்லது வேறு இடத்துக்கு அனுப்புவார்களா. வீட்டுக்கு வந்த பிறகு பிசியோதெரபி எத்தனை முறை சேர்த்தி. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். மூட்டை ஒன்றரை மணி நேரத்தில் மாற்றிவிடுவார்கள், அதை மடங்க வைப்பது அடுத்த மூன்று மாதம்.

கத்தி பிடிப்பவர் இன்றைக்குப் பார்த்தவரேதானா, வருடத்துக்கு எத்தனை முழங்கால் செய்கிறார் என்றும் கேள். கேட்கக் கூச்சப்படாதே, நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். ரோபோ என்று சொன்னால் மயங்க வேண்டாம், எலும்பை அளந்து வெட்டத் துணை செய்யும் கருவி அது. கை மருத்துவருடையதுதான். காப்பீடு இருந்தால் பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் முடிந்ததா என்று பார்.

அக்கா, இரவு 8:44
இதெல்லாம் தெரியாமல் நான் சாயங்காலமே பணம் அனுப்பப் பார்த்தேனே. மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா. அம்மா படுகிற பாட்டைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட்டேன்.

அம்மா, இரவு 9:06
எல்லாவற்றையும் படித்தேன். எழுத்தில் அடிக்க நேரம் ஆகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, இரவு 9:15
வண்டியில் பேசாமல் வந்ததற்குக் காரணம் பயம் இல்லை. அப்பா சேர்த்து வைத்தது ஒன்றுதான் கையில் இருக்கிறது. இரண்டு காலுக்குமாக அதைக் கொட்டிவிட்டு, நாளைக்கு வேறொன்று வந்தால் உங்களிடம் கை நீட்ட வேண்டுமே என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வலியைப் பற்றி முழுதாகச் சொல்லாததும் அதனால்தான்.

அக்கா, இரவு 9:16
அம்மா, எங்களிடம் கேட்பது கை நீட்டுவதா?

அம்மா, இரவு 9:24
சரி, விடு. என் முடிவைச் சொல்கிறேன். வலது கால் மட்டும். மூன்று மாதம் கழித்து. அதற்குள் சர்க்கரையைக் குறைக்கிறேன். அரசு மருத்துவமனையில் பதிந்த பெயர் அப்படியே இருக்கட்டும், அவர்கள் முதலில் கூப்பிட்டால் அங்கே போவேன். கூப்பிடவில்லை என்றால் தனியார். இரண்டு இடத்திலும் என்னிடம் பேசச் சொல்லுங்கள், உங்களிடம் இல்லை.

சித்தி, இரவு 9:27
அக்கா, இதுதான் சரி. மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) 8 சதவீதத்துக்குக் கீழே வரட்டும் என்று பல மருத்துவர்கள் கேட்பார்கள். பல்லையும் காட்டிவிடு, சொத்தை இருந்தால் முன்பே சரிசெய்ய வேண்டும். கைத்தடியை இடது கையில் பிடி, வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கம். அப்புறம் தொடைத் தசை. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அமுக்கி ஐந்து எண்ணும்வரை பிடி. பத்து முறை. அறுவைக்கு முன்பு தசை எவ்வளவு பலமாக இருக்கிறதோ, பிறகு அவ்வளவு சீக்கிரம் எழுந்திருப்பாய்.

அம்மா, இரவு 9:49
ஏழு முறை முடிந்தது. எட்டாவதில் தொடை நடுங்குகிறது.

சித்தி, இரவு 9:50
இன்றைக்கு ஏழு போதும் அக்கா.

அண்ணன், இரவு 9:58
திங்கட்கிழமை காலை நானே பேசி வியாழக்கிழமையை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கருத்துக்கு நேரம் கேட்கிறேன். குளியலறைச் சுவரில் கைப்பிடி வைக்க நாளைக்கே ஆள் வருவார், இரண்டு இடத்தில் வைக்கச் சொல்கிறேன். இன்றைக்கு எடுத்த எக்ஸ்ரே என்னிடம் இருக்கிறது.

அம்மா, இரவு 10:04
மூன்று வருடத்துக்கு முந்தைய எக்ஸ்ரே அலமாரியில் மேல் தட்டில், நீல உறைக்குள் இருக்கிறது. ஊசி போட்ட சீட்டும் அதிலேயே. மறக்காமல் எடுத்து வை. கைப்பிடியைத் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று நான் நின்று காட்டுகிறேன், நான் வரும்வரை துளை போட வேண்டாம்.