ஃப்யூவல் டெம்பரேச்சர் சென்சார் புதுசு போட்டும் பி0183 போகவில்லை

கோவைடீசல்:
2.5 லிட்டர் காமன் ரெயில் டீசல் வண்டி. செக் லைட் எரிகிறது, கோளாறு கோடு (code) பி0183, அதாவது எரிபொருள் வெப்பநிலை சிக்னலில் வோல்டேஜ் அதிகம். ஸ்கேனரில் எரிபொருள் வெப்பநிலை −40 டிகிரியிலேயே நிற்கிறது; என்ஜின் சூடானாலும் அசையவில்லை. ஹை பிரஷர் பம்ப் மேலிருக்கும் சென்சாரை மாற்றியும் அதே கதை. கழற்றிய பழைய சென்சார் 30 டிகிரியில் 1.7 கிலோ ஓம் காட்டுகிறது. கூலன்ட், இன்டேக் ஏர் ரீடிங் சரி. இசிஎம் (என்ஜின் கம்ப்யூட்டர்) போய்விட்டது என்கிறார்கள். வயரிங்கை எங்கிருந்து பார்ப்பது?

வயரிங்மணி:
பழைய சென்சாரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது நல்ல சென்சார். 30 டிகிரிக்கு 1.7 கிலோ ஓம் சரியான கணக்குதான்.

இசிஎம் உள்ளே ஒரு ரெசிஸ்டர் வழியாக சிக்னல் வயருக்கு 5 வோல்ட் போகிறது. சென்சார் சூடாக ஆக அதன் ஓம்ஸ் குறையும், வோல்டேஜும் இறங்கும். வயர் எங்காவது அறுந்தால் 5 வோல்ட் அப்படியே நிற்கும். இசிஎம் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு −40 காட்டி பி0183 போடும். சிக்னல் எர்த் ஆகிவிட்டால் நேர்மாறு: 140-க்கு மேல் காட்டும், பி0182 வரும்.

கப்ளரை (சென்சாரில் மாட்டும் வயர் பிளக்) கழற்றி, கீ ஆன் செய்து, சிக்னல் பின்னில் இரண்டு முறை அளந்து பாருங்கள். முதலில் பேட்டரி நெகட்டிவை வைத்து, அடுத்து கப்ளரின் மற்ற பின்னை வைத்து. 5-க்கு மேல், 12 வோல்ட் வரை வந்தால் பாசிட்டிவ் வயரோடு ஒட்டியிருக்கிறது. அதற்கும் இதே −40, இதே கோடு வரும். அந்த நிலையில் ஜம்பர் (பின்களை நேராக இணைக்கும் துண்டு வயர்) எதுவும் போடக் கூடாது. மீட்டர் முனையைப் பின்னுக்குள் திணிக்காதீர்கள், விரிந்துவிட்டால் புதிதாக ஒரு லூஸ் கான்டாக்ட் சேரும். கப்ளரின் பின்பக்கம் வழியாக மெல்லிய ஊசி விட்டு அளந்து பாருங்கள்.

சில வண்டிகளில் கோடு விழுந்ததும் இசிஎம் ஒரு மாற்று மதிப்பை எடுத்துக்கொள்ளும், ஸ்கேனரிலும் அதுதான் தெரியும். டிகிரியை மட்டும் நம்பாமல் வோல்டேஜ் வரியும் இருக்கிறதா பாருங்கள்.

ஓம்ஸ்ராஜா:
இரண்டு பின்னையும் ஜம்பரால் இணைத்து ரீடிங் மாறுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் அறுந்ததையும் ஒட்டியதையும் மட்டும்தான் காட்டும். பாதி கெட்ட கான்டாக்ட் அதில் பாஸ் ஆகிவிடும். கப்ளரில் சென்சாருக்குப் பதில் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் (சிவப்பு, சிவப்பு, சிவப்பு) மாட்டினால் ஸ்கேனரில் 23 டிகிரி பக்கம் வர வேண்டும். 330 ஓம் (ஆரஞ்சு, ஆரஞ்சு, பிரவுன்) மாட்டினால் 80 பக்கம். இரண்டும் சேர்ந்து சில ரூபாய்தான்.

330-ஐத் தவிர்க்காதீர்கள். பச்சை பிடித்த பின்னில் 500 ஓம் கூடுதலாக இருந்தால் குளிரில் நாலைந்து டிகிரிதான் தவறும், யாருக்கும் தெரியாது. சூட்டில் 330 என்பது 830 ஆகி, 80-க்குப் பதில் 50 காட்டும். சூடான டீசல் இளகி அடர்த்தி குறையும். இசிஎம் அதைத் தெரிந்துதான் இன்ஜெக்டர் செலுத்தும் டீசல் அளவைத் திருத்துகிறது. 50 என்று நம்பினால் திருத்தம் குறைவாகவே நடக்கும், ஆனால் கோடு எதுவும் விழாது.

கோவைடீசல்:
பேட்டரி நெகட்டிவை வைத்து 4.98 வோல்ட். இரண்டு பின்னுக்கும் நடுவே 0.3, அதுவும் நிலையாக இல்லை. பின் இரண்டையும் ஜம்பர் செய்தால் −40 மாறவில்லை. சிக்னலை பாடி எர்த்தில் வைத்ததும் 140-ஐத் தாண்டிவிட்டது.

வயரிங்மணி:
இசிஎம் நன்றாக இருக்கிறது. சிக்னலை எர்த் செய்ததும் ரீடிங் ஓடியதே அதற்குச் சாட்சி. அறுந்தது சென்சாரின் எர்த் வயர்.

வயரிங் படத்தில் அந்த எர்த் கூலன்ட் சென்சாரோடு பங்கு போட்டிருக்கிறதா பாருங்கள். பங்கு என்றால் கூலன்ட் ரீடிங் சரியாக இருப்பதால் மெயின் எர்த்தில் கோளாறு இல்லை. ஜாயின்டுக்கும் பம்ப் கப்ளருக்கும் நடுவில்தான் கட். தனி வயர் என்றால் இசிஎம் கப்ளர் வரை ஓம்ஸ் பாருங்கள், 1-க்குள் வர வேண்டும். பெரும்பாலும் பம்ப் அருகே ஹார்னஸ் (வயர் கட்டு) கிளிப்பிலிருந்து வளையும் இடத்தில், மேலுறை நன்றாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருக்கும். வயரை மெதுவாக இழுத்துப் பாருங்கள், அறுந்த இடத்தில் ரப்பர் மாதிரி நீளும்.

பாடியில் எர்த் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் கரன்ட் ஓடும்போதெல்லாம் ரீடிங் ஆடும். 0.5 சதுர மில்லிமீட்டர் வயர் சேர்த்து, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டு, பம்ப் அதிர்வுக்குக் கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டுங்கள். பிறகு ராஜா சொன்ன இரண்டு ரெசிஸ்டரையும் மாட்டிப் பார்த்துவிட்டு பி0183-ஐ அழியுங்கள்.