டெட்டனஸ் பாடத்துக்கு ஒரு நல்ல செய்முறை சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு அடுத்த வாரம் செல்லுக்குள் நடக்கும் சவ்வுப் பைகளின் போக்குவரத்தைப் பாடமாக நடத்தப் போகிறேன். இதைக் கண்டறிந்ததற்கான 2013 நோபல் பரிசு, அதைப் பெற்ற ராத்மன், ஷெக்மன், சூடாஃப் என்று ஆரம்பித்தால் பாதி வகுப்பு தூங்கிவிடும். எல்லோருக்கும் தெரிந்த டி.டி. ஊசியிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

நரம்பு முனையில் வேதிச்செய்தியைச் சுமக்கும் நுண்பை, வெளிச்சவ்வோடு இணைந்தால்தான் செய்தி வெளியேறும். இணைத்து வைப்பவை ஸ்நேர் புரதங்கள்: பையிலிருந்து ஒன்று, சவ்விலிருந்து இரண்டு, கயிறு போல முறுக்கிக்கொண்டு இரண்டையும் நெருக்கும். டெட்டனஸ் நஞ்சு பையிலுள்ள ஸ்நேர் புரதமான சினாப்டோபிரெவினை வெட்டிவிடுகிறது. பி வகை போட்டுலினம் நஞ்சும் (கெட்டுப்போன உணவில் உருவாகக்கூடிய பாக்டீரியா நஞ்சு) அதே புரதத்தை அதே இடத்தில்தான் வெட்டுகிறது! ஆனால் முன்னதில் தாடை இறுகுகிறது, பின்னதில் தசை தளர்கிறது. டெட்டனஸ் தண்டுவடம் வரை ஏறிப்போய் தசையை அடக்கிவைக்கும் நரம்புகளை முடக்குகிறது. மற்றது தசையருகிலேயே நின்றுவிடுகிறது. எனக்கு இதைவிட அழகான உதாரணம் கிடைக்கவில்லை.

சிக்கல் செய்முறையில்தான். தண்ணீர் நிரப்பிய இரண்டு பலூன்களில் நூல் கட்டி முறுக்கிக் காட்டினேன். நெருங்கின, ஒட்டின, ஆனால் ஒன்றாகக் கலக்கவில்லை. அந்தக் கலப்பைத்தான் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். சோப்புக் குமிழியிலோ எண்ணெய்த் துளியிலோ யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? அப்புறம், 'வெசிக்கிள்' என்பதற்கு உங்கள் வகுப்பில் என்ன சொல் பயன்படுத்துகிறீர்கள்? நுண்பை என்றால் புரிகிறதா?