ஹேக்ஸா பிளேடைத் திருப்பி மாட்டிய பையன்

கோவைப் பட்டறை:
அப்ரண்டிஸ் பையன் ஹேக்ஸா (இரும்பறுக்கும் ரம்பம்) பிளேடைத் திருப்பி மாட்டிவிட்டு அரை மணி நேரம் ஒரு ராடோடு மல்லுக்கட்டினான், கடையே சிரித்தது என்று பெஞ்ச்வைஸ் நேற்று எழுதியதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. எப்படி மாட்டினாலும் பிளேடு அறுக்கும். திருப்பி மாட்டினால் தள்ளும்போது அறுக்காமல் இழுக்கும்போது அறுக்கும், அவ்வளவுதான்.

பெஞ்ச்வைஸ்:
பல் முன்னால் பார்க்க வேண்டும். பிளேடிலேயே அம்புக்குறி போட்டிருக்கிறதே, அது என்ன அழகுக்கா? ஃபிட்டர் டிரேடில் இரண்டு வருஷம் படித்தவன் நான்.

கோவைப் பட்டறை:
ஐடிஐ சர்டிபிகேட்டை நீட்டியாச்சா, சரி. தங்க ஆசாரியின் ரம்பத்தைப் பார்த்ததுண்டா? பல் கைப்பிடியைப் பார்த்துத்தான் இருக்கும். ஜப்பான் தச்சர்களும் இழுத்துத்தான் அறுக்கிறார்கள். அவர்களையும் பார்த்துச் சிரிப்பீர்களா?

பெஞ்ச்வைஸ்:
அது மெல்லிய பிளேடு, தள்ளினால் வளையும், அதனால் இழுக்கிறார்கள். நாம் பேசுவது 12 அங்குல ஹேக்ஸா. வைஸில் (பெஞ்சில் பொருத்திய பிடிப்பான்) பிடித்த ராடைத் தள்ளும்போதுதான் உடம்பின் எடை பிளேடு மேல் இறங்கும். பல் முன்னால்!

மூன்றாம் ஷிப்டு:
பிளேடு இருக்கட்டும்ங்க. நான் சேர்ந்த புதிதில் கைப்பிடி இல்லாத அரத்தைக் கொடுத்தார்கள். கைப்பிடி மாட்ட வேண்டிய கூர்மையான வால் உள்ளங்கையில் ஏறிவிட்டது. ரத்தம் ஒழுக நிற்கிறேன், "அரம் பிடிக்கத் தெரியாதவன்" என்று சுற்றி நின்று சிரித்தார்கள். அது யார் தப்பு?

பெஞ்ச்வைஸ்:
கைப்பிடி இல்லையென்றால் கேட்டு வாங்க வேண்டும் தம்பி. இப்போது வரும் பையன்களைப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரை உளி மாதிரி வைத்துச் சுத்தியலால் அடிக்கிறான். சுத்தியல் கைக்கு எட்டாவிட்டால் ஸ்பேனரால் அடிக்கிறான். அரத்தை நெம்புகோலாக்கி இரண்டாக உடைக்கிறான். 0.02 மி.மீ. அளக்கிற வெர்னியரால் தகட்டில் கோடு கிழித்தவனை என் கண்ணால் பார்த்தேன். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைத் திருப்பிப் போட்டு, நகரும் தாடையில் விசை கொடுத்து, நட்டின் மூலையெல்லாம் மழுங்கிப்போயிருக்கும். சிரிக்காமல் அழவா?

கோவைப் பட்டறை:
உங்கள் ஃபோர்மன் ஸ்க்ரூ டிரைவரால் பெயிண்ட் டப்பா திறந்ததே இல்லையா? சீனியர் செய்தால் அனுபவம், பையன் செய்தால் ஜோக். அப்ரண்டிஸ் என்பவன் பயிற்சி பெறுபவன், தொழிலாளி இல்லை என்று 1961 அப்ரண்டிஸ் சட்டமே சொல்கிறது. எல்லாம் தெரிந்திருந்தால் உங்களிடம் ஏன் வரப்போகிறான்?

பெஞ்ச்வைஸ்:
சட்டம் பேசினால் பிளேடு திரும்பிவிடாது. போன மாதம் டிரில் பிட்டின் முனைக்கோணம் 118 டிகிரி என்றபோதும் நீங்கள்தான் குறுக்கே வந்தீர்கள்.

கோவைப் பட்டறை:
118 எம்.எஸ்-க்கு (மைல்டு ஸ்டீல், சாதாரண இரும்பு) சரி. கடினமான ஸ்டீலுக்கு 135 என்றுதான் சொன்னேன். அதைப் பாதி மறைத்துச் சொல்வதே உங்களுக்குப் பழக்கம். எங்கள் ஊரில் பம்ப் பட்டறைப் பையன் கூட இதைச் சொல்வான்.

பெஞ்ச்வைஸ்:
ஆமாம், உலகத்துக்கே நீங்கள்தான் பம்ப் செய்து கொடுத்தீர்கள். அம்பத்தூரில் நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாம் ஷிப்டு:
அரத்துக்குக் கைப்பிடி போட்டுக் கொடுக்க வேண்டியது யார் என்று கேட்டேன். தழும்பு இன்னும் கையில் இருக்கிறது.

கோவைப் பட்டறை:
இழுத்தாலும் அறுக்கும்.

பெஞ்ச்வைஸ்:
பல் முன்னால். அப்புறம், ராடை அறுக்க அங்குலத்துக்கு 18 பல் உள்ள பிளேடு எடுப்பீர்களா, 24 பல்லா? முதலில் அதைச் சொல்லுங்கள்.